எஃகின் வரிக்கோலம்: கெரிஸ் கத்தியும் மதுரை வட்டார அரிவாளும்

முன்னுரை

சாவகத்துக் கெரிஸ் கத்தியின் அலகில் ஒளிரும் பாமோர் கோலமும், தென்னிந்திய உருக்கில் தோன்றும் நீரலை போன்ற வரியும் ஒரே கலையாகக் கருதப்படுவதுண்டு. இரண்டும் தோன்றும் முறையால் வேறானவை. அவ்வேறுபாடு மதுரை வட்டாரக் கோயில்களின் பழைய அரிவாள்களைக் காப்பதற்கு இன்றியமையாதது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடுக்கால் அமையும் கோலம்

கெரிஸ் கொல்லர் இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் மாறிமாறி அடுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக்குவர். அலகைப் பாடாணமும் எலுமிச்சைச் சாறும் கொண்டு துலக்கும்போது இரும்பு கறுக்கும். நிக்கல் பகுதி வெண்மையாய் நிற்கும். இக்கலையை 2005இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

உருக்கினுள் விளையும் வரி

தென்னிந்திய உருக்கு மூசையில் விளைவது. இரும்பும் கரிப்பொருளும் மூடிய மூசையில் உருகி மெல்ல ஆறும்போது, ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரிமம் ஏறிய எஃகுக் கட்டி கிடைக்கிறது. அதனை மிதமான சூட்டில் பன்முறை அடிக்கையில் சிமென்டைட் துகள்கள் வரிசைப்பட்டு வரியாகின்றன. இங்கே அடுக்கு இல்லை; கோலம் உலோகத்தின் உள்ளமைப்பே. கொடுமணல், மேல்சிறுவளூர் ஆகிய ஊர்களில் மூசைச் சான்றுகள் கிடைத்துள்ளன. ‘ஊட்ஸ்’ என்னும் பெயரால் இவ்வெஃகை ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரச கழகத்தில் ஆராய்ந்துரைத்தார்.

மதுரை வட்டாரம்

அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு அரிவாள் காணிக்கை செலுத்துவது இன்றும் தொடர்கிறது. அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தியும் இச்சமவெளியிலேயே உள்ளது. இக்காலக் கொல்லுப்பட்டறைகளில் பெரிதும் பயன்படும் லாரி வில்பட்டையில் கரிமம் குறைவு. ஆதலால் உருக்கின் வரி அதில் தோன்றாது. ஆயின் வரி இல்லாத பழைய அலகு யாவும் உருக்கன்று எனத் துணிதல் பிழையாகும். மிகைச் சூட்டில் மறுபடி காய்ச்சினால் சிமென்டைட் கரைந்து வரி மறையும். கெரிசின் நிக்கல் அடுக்கோ அத்தகைய சூட்டையும் பெரிதும் தாங்கி நிற்கும். ஆகவே ஒருமுறை உலையிலிட்டு அடித்த அலகு தன் சான்றை இழந்திருக்கலாம்.

முடிவுரை

கெரிசின் கோலம் கொல்லன் சேர்த்தது. உருக்கின் வரி மூசையில் விளைந்து சம்மட்டியால் வெளிப்பட்டது. எனவே கோயில்களில் துருவேறிக் கிடக்கும் பழைய அரிவாள்களைப் புதுப்பிக்க உலையிலிடுவதும் பழைய இரும்பாக விற்பதும் சான்றழிப்பாகும். முதலில் அலகின் சிறு பகுதியைத் துலக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்து பதிவுசெய்தல் வேண்டும். அதன் பின்னரே செப்பனிடுதல் தகும்.