ஸ்கேனில் கணையம் வீக்கமா?

தோழர்களே, ஸ்கேன் தாளில் 'கணையம் பெரிதாக உள்ளது' என்று கண்டதும் புற்றுநோய்தான் என்று இடிந்துபோக வேண்டாம். இரைப்பைக்குப் பின்னால் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் கிடக்கும் உறுப்பு இது. சோற்றைச் செரிக்க வைக்கும் நீரும் இன்சுலினும் இதில்தான் ஊறுகின்றன. அந்த நீர் உள்ளேயே தங்கிக் கணையத்தையே அரித்தால் வீங்கிவிடும். பெரும்பாலும் பித்தக்கல்லும் மதுவுமே காரணம். சம்சு குடிக்கிறவங்க, 'கொஞ்சந்தான் டாக்டர்' என்று மறைப்பாங்க. மறைச்சா வைத்தியம் திசைமாறிப் போகும்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் சேர்ந்தால் காஸ்திரிக் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பெரட்டுக்குப் போகாதீர்கள். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியே இல்லாமல் கண் மஞ்சளித்து உடம்பு இளைத்தாலும் தாமதிக்கக் கூடாது. அப்போது புற்றுநோய் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ரத்தச் சோதனைக்கும் சிடி ஸ்கேனுக்கும் மறுதேதி கொடுத்தால், ஒருநாள் சம்பளம் போனாலும் போய்விடுங்கள்.