அறக்கட்டளையும் தோட்டத்துச் சங்கங்களும்

கொடியேற்றம் இன்னாருடைய உபயம், பூங்காவனம் இன்ன பிரிவு மக்களுடைய உபயம் என்று திருவிழா அழைப்பிதழில் அச்சிடுவது மலையக ஆலயங்களில் வழக்கமாகும். உபயம் அந்த வருடத்துச் செலவோடு முடிந்துவிடும். கட்டளை அவ்வாறன்று. ஒரு பொருளை முதலாக வைத்து, அம்முதலைத் தொடாமல், அதன் வருவாயைக் கொண்டு குறித்த ஓர் அறத்தைத் தொடர்ந்து நடத்துவதே கட்டளை எனப்படும்.

சோழர் காலக் கல்வெட்டுக்களிலே ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி பல இடங்களில் வருகின்றது. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறித்தார்கள். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று கேட்கத் தோன்றும். ஒவ்வோர் ஆடும் சாகத்தான் செய்யும். ஆனால் பொறுப்பேற்ற இடையர், குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் காத்து, நெய்யை அளந்து கொடுத்துவர வேண்டும். இன்று உலகின் பல நாடுகளிலும் முதலைக் காத்து வருவாயைச் செலவிடும் பெரிய தர்ம ஸ்தாபனங்களின் அடிப்படையும் இதுவேயாகும்.

கட்டளை எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதற்குச் சென்னைப் பச்சையப்ப முதலியாரின் தர்மம் நல்ல சான்றாகும். 1794இல் காலமான அப்பெருமகனார் தமது செல்வத்தைக் கோயிற் பணிகளுக்கும் பிற தர்மங்களுக்கும் என மரண சாசனம் எழுதிவைத்தார். ஆனால் பொருள் பல காலம் உரிய வழியிற் செல்லாமல் வழக்கிலே கிடந்தது. இறுதியில் நீதிமன்றம் தலையிட்டுப் பொருளை மீட்டு, கோயிற் கட்டளைகளுக்கு ஒதுக்கியது போக எஞ்சியதைக் கல்விக்கு வழங்கியது. 1842இல் பச்சையப்பன் பாடசாலை தொடங்கிற்று. பின்னர் அதுவே புகழ்பெற்ற கல்லூரியாயிற்று. கோயிலுக்கு எழுதிய சாசனத்தின் உபரியிலே ஒரு கல்லூரி பிறந்தது என்பது ஆலய நிர்வாகிகள் ஊன்றி நோக்கத்தக்கது.

இனி மலையகத்துக்கு வருவோம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பட்டினி வாட்டியதை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் அரிசியும் மாவும் கொடுத்தவர்கள் உயிரைக் காத்தார்கள். அது மிகப் பெரிய தர்மமே. ஆயினும் பட்டினிக்கு அடிப்படையான காரணங்கள் அதனால் நீங்கவில்லை. குடியுரிமையும் காணியும் வாக்கும் இல்லாத மக்களின் குறையைக் கேட்பார் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது.

இந்த நிலையிலேதான் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையம் தோன்றிற்று. அதனை நிறுவிய போல் காஸ்பர்ஸ் அடிகளார் கத்தோலிக்கக் குருவானவர். தோட்ட மக்களின் நலனில் அக்கறை கொண்டவரை அவருடைய சமயம் பார்த்து ஒதுக்குவது நம்மவர் பண்பன்று. சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பணிசெய்த நிலையம் அது. 1974இல் தோட்டப் பகுதிகளில் உழைத்த பல குழுக்களை ஒன்றிணைக்கும் செயலகமும் உருவாகியது. இத்தகைய சங்கங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உதவி அமைப்புக்களின் நன்கொடையைக் கொண்டே இயங்கின. மூட்டை இறக்கிவிட்டுப் போவதற்கு அன்றி, ஆய்வுக்கும், பயிற்சிக்கும், உரிமைகளை எடுத்துரைப்பதற்கும் பணம் செலவாயிற்று என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

அத்தகைய செலவின் பயன் கண்ணுக்கு உடனே தெரிவதில்லை. தொழிற்சங்கங்களின் போராட்டத்தோடு இம்முயற்சிகளும் சேர்ந்தன. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னர், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கியது. அவ்வருடமே ஐக்கிய நாடுகள் அகதிகள் ஸ்தானிகராலயத்தின் உதவியுடன் தோட்டங்களுக்குச் சென்று, சில நாட்களுக்குள் ஏறக்குறைய 190,000 பேருடைய குடியுரிமை உறுதிசெய்யப்பட்டது. எனினும், சட்டம் வந்தவுடன் காகிதம் வீட்டுக்கு வந்துவிடாது. லயத்திலே பிறந்த பலருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே இல்லை. அது இல்லாமல் தேசிய அடையாள அட்டை இல்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, நடமாடும் சேவைக்கு மக்களை அழைத்துச் சென்ற இளைஞர்களின் பஸ் கட்டணத்தையும் யாரோ கொடுக்கத்தானே வேண்டும்?

திம்புள்ளைக்கு அண்மையிலே, பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மன் அரசின் உதவியுடன் எழுந்தது. இது தனியார் அறக்கட்டளையன்று. ஆனாலும் பாடம் ஒன்றே. உதவித் திட்டம் முடிந்தது. கல்லூரியைக் கல்வி அமைச்சு நடத்திவருகின்றது. தோட்டப் பிள்ளைகள் ஆசிரியர்களாகி வெளியேறிய வண்ணம் உள்ளனர்.

தேயிலை வர்த்தகத்திலிருந்தே பிறந்த அறக்கட்டளையும் உண்டு. டில்மா நிறுவனத்தை ஆரம்பித்த, 2023இல் காலமான, மெரில் ஜே. பெர்னாண்டோ தமது பெயரில் அறநிலையம் அமைத்து, வரிக்கு முந்திய இலாபத்தில் 10 வீதத்துக்குக் குறையாமல் அதற்கு ஒதுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். பிள்ளை மடுவம், புலமைப்பரிசில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பராமரிப்பு முதலியன அதனால் நடந்தன. இவை போற்றத்தக்கவை. ஆயினும் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்தை எந்த அறக்கட்டளையும் நிர்ணயிக்க முடியாது. அது பேச்சுவார்த்தையிலும் சம்பளச் சபையிலும் தீரவேண்டிய விடயம். தர்மத்தையும் உரிமையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இரண்டுக்கும் கேடாகும்.

வெளிநாட்டுப் பணத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பெரும்பாலான திட்டங்களுக்குத் தவணை உண்டு. இரண்டு, மூன்று வருடங்களில் முடிந்துவிடும். 2010இல் சர்வதேச நாணய நிதியம் இலங்கையை நடுத்தர வருமான நாடு என வகைப்படுத்தியது. அதற்குப் பின்னர் பல கொடையாளர்கள் வேறு நாடுகளை நாடினர். பணம் வரும் வரைக்கும் பெயர்ப்பலகையோடு நின்ற சங்கங்கள் மறைந்தன. அங்கத்தவர் சந்தாவும் ஒழுங்கான கணக்கும் உடையவை தாக்குப்பிடித்தன.

அறக்கட்டளைகள் ஒரு சங்கத்திடம் முதலிற் கேட்பவை பதிவு, யாப்பு, கூட்டக் குறிப்பு, கணக்காய்வு அறிக்கை ஆகியனவே. ஆலயத்துக்கும் இது பொருந்தும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, வழிபாட்டிடத்துச் சொத்து தவறாக நிர்வகிக்கப்பட்டால் அதில் அக்கறையுடைய அடியார்கள் மாவட்ட நீதிமன்றத்தை நாட இடமுண்டு.

செக்ரோல் வழியாகச் சம்பளத்திற் பிடித்துக் கொடுக்கப்படும் கோயிற் சந்தாவும் மலையகத்தார் கண்ட ஒரு கட்டளையே எனலாம். அதில் ஒரு சிறு பங்கை வங்கியிலே நிலையான வைப்பாக இட்டு, வட்டியைக் கொண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதற்கு எந்தப் பெரிய ஸ்தாபனத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானமும், மூவர் கையொப்பமிடும் ஒரு வங்கிக் கணக்கும், வருடந்தோறும் திருவிழா முடிந்த கையோடு எல்லோர் முன்னும் கணக்கை வாசிக்கும் வழக்கமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.