பார்வைக்கு அப்பால் பறக்கும் ட்ரோன்: பைலட்டுக்கு வேண்டிய தகுதி



கண்ணால் நேரடியாகப் பார்க்க முடியாத தொலைவுக்கு ட்ரோனை அனுப்பி இயக்குவது ‘பார்வை எல்லைக்கு அப்பாலான பறத்தல்’ எனப்படும். துறைக்குள் பி.வி.எல்.ஓ.எஸ். என்ற சுருக்கம் வழங்குகிறது. இதற்கான தகுதியைக் கைத்திறனின் அடுத்த படியாக எண்ணுவது மாணவர்களிடையே வேரூன்றிவிட்டது. வீடியோ கண்ணாடி மாட்டிக்கொண்டு மரக்கிளைகளுக்கு இடையே ட்ரோனை நுழைத்து எடுப்பவர், 15 கி.மீ. தொலைவுக்கும் அப்படியே ஓட்டிவிடுவார் என்று பயிற்சி தருபவர்கள் சிலரே சொல்கிறார்கள். இது தவறு, ஆபத்தான தவறும்கூட. கண்ணாடிக்குள் தெரிவது ட்ரோனின் கேமரா காட்டும் ஒரு துண்டு வானம் மட்டுமே. பக்கவாட்டில் வரும் ஹெலிகாப்டரும் பின்னால் திரளும் மழைமேகமும் அதில் படுவதில்லை. ட்ரோன் எங்கே இருக்கிறது, அருகில் வேறு என்ன பறக்கிறது, வானிலை எப்படி மாறுகிறது என்ற மூன்றையும் வெறுங்கண் ஒரே நேரத்தில் அறிந்துகொண்டிருந்தது. அந்தக் கண் இல்லாதபோது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியும் ஒரு நடைமுறையும் வேண்டும். அந்த மாற்று ஏற்பாடு எந்த இடத்தில் கைவிடும் என்று முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் தகுதி.

விமானத் துறை இந்தச் சிக்கலை முன்பே ஒரு முறை சந்தித்திருக்கிறது. 1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில், ஜிம்மி டூலிட்டில் மூடிய இருக்கையில் அமர்ந்து, வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி மேலெழும்பி, சுமார் 15 நிமிடம் சுற்றிவந்து தரையிறங்கினார். அவர் நம்பியவை ஸ்பெர்ரியின் செயற்கைத் தொடுவானமும், கோல்ஸ்மேன் செய்த நுட்பமான உயரமானியும், தரையிலிருந்து வந்த வானொலி வழிகாட்டியும். முன் இருக்கையில் பென்ஜமின் கெல்சி பாதுகாப்புக்காக இருந்தார். விமானத்தை அவர் ஓட்டவில்லை என்பது தரையில் நின்றவர்களுக்குத் தெரியும்படி கைகளை வெளியே காட்டிக்கொண்டிருந்தார். டூலிட்டிலின் வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் 1942-இல் டோக்கியோ மீது அவர் நடத்திய தாக்குதலோடு நின்றுவிடுகிறார்கள். ட்ரோன் மாணவர் படிக்க வேண்டியது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். சாகசக்காரர் எனப் பெயர் பெற்றிருந்த டூலிட்டில் விமானப் பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றவர் என்பதை அப்போதுதான் கவனிக்கத் தோன்றும்.

இந்தத் தகுதியைத் தெளிவான படிகளாக வகுத்துள்ள நாடுகளில் கனடாவும் ஒன்று. அங்கே 2019 முதல் அடிப்படை, மேம்பட்ட நிலை என இரண்டு பைலட் சான்றிதழ்கள் இருந்தன. 2025 நவம்பர் 4 முதல் ‘முதல் நிலைச் சிக்கலான இயக்கம்’ என்ற மூன்றாவது சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடற்ற வான்வெளியில், மக்கள் நெருக்கம் குறைந்த இடங்களில், தாழ்வான உயரத்தில் பார்வைக்கு அப்பால் பறக்க இது வழி செய்கிறது. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 20 மணி நேரத் தரைப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, தேர்வாளர் முன்னிலையில் செய்முறைச் சோதனை ஆகிய மூன்றும் உண்டு. ஆனால் சான்றிதழ் பெற்ற பைலட் தனியாளாகப் பறந்துவிட முடியாது. பொறுப்பாளர், பராமரிப்பு ஏற்பாடு, எழுதிவைத்த நடைமுறைகள் ஆகியவற்றோடு இயக்குநர் சான்றிதழ் பெற்ற ஓர் அமைப்பின் கீழ்தான் பறக்க வேண்டும்.

இந்தத் தகுதிக்கான பாடத்திட்டத்தில் வானொலித் தொடர்பு ஒரு பிரிவு. பெரும்பாலான மாணவர்கள் மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கடந்துபோகும் பிரிவும் அதுவே. ‘இந்த ரிமோட்டுக்கு 20 கி.மீ. ரேஞ்ச்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் கேள்வி முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். முடியவில்லை. பூமி வளைந்திருக்கிறது. இரு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா, வானில் 120 மீட்டரில் ட்ரோன் என்றால் சுமார் 51 கி.மீ. வருகிறது, மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் ட்ரோன் 15 கி.மீ. தொலைவில் மருந்துப் பெட்டியை இறக்கப் போகிறது. இறங்க இறங்கத் தொடுவானம் சுருங்குகிறது. மரமோ மேடோ இல்லாத சமதரையிலேயே, 5 மீட்டர் உயரத்துக்கு வரும்போது நேர்கோடு அறுந்துவிடும்.

உண்மை நிலை இதைவிடக் கடினம். அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை. நேர்கோட்டைச் சுற்றி ஒரு பருத்த பகுதியும் அதற்குத் தடையின்றி வேண்டும். அதை ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில், 15 கி.மீ. பாதையின் நடுவில் அதன் ஆரம் சுமார் 22 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 13 மீட்டர், திறந்திருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் வழக்கமான அளவுகோல். பாதையின் நடுவே 15 மீட்டர் உயர மரங்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பூமியின் வளைவு அங்கே மேலும் 3 மீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்த்துகிறது. மூன்றையும் கூட்டினால் வரும் உயரத்தில் நேர்கோடு பாதையின் நடுவைக் கடக்க வேண்டும். அதன் ஒரு முனை தரையருகே இருப்பதால், மறுமுனை அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் இருக்க வேண்டும். ஆகவே ட்ரோன் 60 மீட்டருக்குக் கீழே இறங்கும்போதே தொடர்பு நலியத் தொடங்கும். சிக்னல் போவது அங்கே விபத்து அல்ல. கணக்கில் ஏற்கெனவே இருப்பது. அதைப் புறப்படும் முன்பே தாளில் கண்டவர் இறங்கும் இடத்தில் இன்னொரு பைலட்டை நிறுத்துவார், ஆன்டெனாவைக் கோபுரத்தில் ஏற்றுவார், அல்லது செல்போன் வலையமைப்பு வழியாக இரண்டாவது தொடர்பை வைத்துக்கொள்வார். தொடர்பு அறுந்தால் ட்ரோன் எத்தனை நொடி காத்திருக்கும், எந்த உயரத்துக்கு ஏறித் திரும்பும், திரும்பும் வழியில் குன்றோ மின்கோபுரமோ உண்டா என்பதும் அதே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திரையில் எச்சரிக்கை வந்தபின் யோசிக்கத் தொடங்குபவருக்கு இந்தத் தகுதி இல்லை.

காற்றும் இப்படித்தான் ஏமாற்றும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்கும் ட்ரோன், காற்றே இல்லாத நாளில் 15 கி.மீ. போய்வர 33 நிமிடத்துக்குச் சற்று அதிகம் எடுக்கும். நொடிக்கு 5 மீட்டர் காற்று போகும்போது உதவி, வரும்போது எதிர்த்தால் 37 நிமிடத்தைத் தாண்டும். போகையில் கிடைத்தது வருகையில் கழிந்துவிடும் என்ற கணக்கு பொய். பேட்டரி தீர்வதும் திரும்பும் வழியில்தான்.

பிற விமானங்களைத் தவிர்க்கும் பொறுப்பைச் சில நாடுகள் மனிதக் கண்ணுக்கே திருப்பித் தருகின்றன. ஐரோப்பாவின் எஸ்.டி.எஸ்.-02 என்ற வரையறையில், வான்வெளிப் பார்வையாளர் இல்லாவிட்டால் பைலட்டிடமிருந்து 1 கி.மீ. வரை, பார்வையாளர் இருந்தால் 2 கி.மீ. வரை ட்ரோன் செல்லலாம். பார்வைத் தெளிவு 5 கி.மீ.க்குக் குறையக் கூடாது. கெல்சி முன் இருக்கையில் அமர்ந்திருந்த அதே ஏற்பாடுதான் இது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவு விதிகள் எதிர்ப்பக்கம் போய், தனிமனிதப் பைலட் சான்றிதழைவிட நிறுவனத்தின் பொறுப்பையே மையமாக வைத்தன. பொறுப்பை அமைப்பின் மேல் வைப்பது சரி. ஆனால் மேற்கண்ட கணக்கைப் போடத் தெரிந்த ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்காத பறத்தல் பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்ள முடியாது.

இந்தியாவில், 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகளின்படி, 18 முதல் 65 வயதுக்குட்பட்டு, பத்தாம் வகுப்புத் தேறியவர்கள், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயின்று ரிமோட் பைலட் சான்றிதழ் பெறலாம். அது 10 ஆண்டு செல்லும். பார்வைக்கு அப்பாலான பறத்தல்களோ தனி அனுமதி பெற்றே நடந்துள்ளன. 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்துகள் சென்றதும், அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று மணிப்பூரின் பிஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியின் கராங் தீவுக்குத் தடுப்பூசி சென்றதும் அப்படித்தான். சாலை வழி 26 கி.மீ. ஆன அந்தத் தீவுக்கு வான்வழி 15 கி.மீ.; ட்ரோன் அதை 12 முதல் 15 நிமிடத்தில் கடந்தது.

ஆகவே, சான்றிதழ் கிடைத்த மறுநாளே தொலைதூரம் பறக்கலாம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையத்தை மாணவர்கள் நம்பக் கூடாது. வானொலித் தொடர்பையும் வானிலையையும் வரைபட வாசிப்பையும் யார் கற்பிக்கிறார், எத்தனை மணி நேரம் கற்பிக்கிறார் என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்பே கேட்டறிய வேண்டும்.