குந்தவை போட்ட நகை

கேள்வி: தையில் மகளுக்குக் கலியாணம். ‘பொன்னியின் செல்வன்’ குந்தவை போட்ட மாதிரி நகைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது உண்மையில் சோழர் காலத்து நகையா?
– வாசகி, தெல்லிப்பழை

பதில்: ஆசைப்படக்கூடிய நகைதான். 2022இல் வந்த அந்தப் படத்துக்கு நகை செய்து கொடுத்தது ஹைதராபாத்தின் கிஷன்தாஸ் நகைக்கடை. வேலைப்பாடு அருமை. ஆனால், அந்த நகைகளில் உள்ள, பட்டை தீட்டாத வைரத்தைத் தங்கத் தகட்டால் இறுக்கிப் பதிக்கும் குந்தன் வேலை முகலாயர் அரண்மனைகளில் செழித்தது. அந்தச் செழிப்பு சோழருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

உண்மையான குந்தவையின் நகைக் கணக்கு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது. உமாபரமேசுவரித் திருமேனிக்கு அவர் கொடுத்த ஒவ்வொரு நகைக்கும் முத்து எத்தனை, மாணிக்கம் எத்தனை, நிறை எத்தனை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே வைத்த அரக்கைக்கூடச் சொல்லாமல் விடவில்லை! எந்தப் படமும் எனக்கு இவ்வளவு கிளர்ச்சி தந்ததில்லை.

நகை வடிவைக் கண்ணால் காண, மகளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலச் சிவகாமி அம்மன் வெண்கலத்தில் கழுத்தணி, தோள்வளை, அரைப்பட்டிகை எல்லாம் துல்லியமாகத் தெரியும். அதைப் படம் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கைதேர்ந்த பத்தரிடம் காட்டலாம். எங்கள் அட்டியலும் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் நல்ல எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம்.

குந்தன்தான் என்று மகள் பிடிவாதமாக நின்றால், கல்லும் அரக்கும் நீக்கித் தங்கம் மட்டும் எத்தனை பவுன் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.