ஏவுவோரும் இயற்றுவோரும்

ஒரு தொழிலைச் செய்விப்போன் ஏவுதற்கருத்தா. கையாற் செய்வோன் இயற்றுதற்கருத்தா. வேந்தன் வெட்டிய குளம் என்பதும், கூலியாள் வெட்டிய குளம் என்பதும் ஒரு குளத்தையே குறித்தல் கூடும். இவ்விலக்கண வேறுபாடே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மயக்க மருந்து செலுத்துஞ் செவிலியரின் சட்டவுரிமைக்கும் அடிப்படையாதலை ஈண்டு ஆராய்வாம்.

அந்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே செவிலியர் இத்தொழிலைச் செய்து வந்தனர். மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய ஆலிஸ் மகாவ் என்பார், பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மயக்கமளித்தும் அம்மருந்தால் ஓருயிரும் நீங்கவில்லையென 1906-இல் எழுதினார். எனினும், இது மருத்துவர்க்கே உரிய தொழிலென வழக்குகள் எழுந்தன. 1917-இல் கென்டக்கி மாநில நீதிமன்றம் செவிலியர்க்குச் சார்பாகத் தீர்த்தது. டாக்மர் நெல்சன் என்னுஞ் செவிலியார்மீது தொடுத்த வழக்கில், கலிபோர்னியா மாநிலத் தலைமை நீதிமன்றம் 1936-இல் தீர்ப்புரைத்தது. அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் மயக்கமளித்தல், நோய் தேர்தலும் அன்று, மருந்து விதித்தலும் அன்று என்பதே அதன் முடிபு.

இம்முடிபு செவிலியரைக் காத்தது; அவர்க்கு ஓர் எல்லையும் வகுத்தது. இயற்றுவோராய் நின்றமையாலன்றோ அவர் வென்றனர்? ஏவும் உரிமையை அத்தீர்ப்பு அவர்க்கு அளித்திலது.

ஆதலின் மருந்து விதித்தல், வழங்கல், செலுத்தல் என்னும் மூன்று வினைகளையும் பிரித்தறிதல் வேண்டும். 1970-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு மருந்துச் சட்டப்படி, அபின் வகை முதலியவற்றை விதிப்போர் நடுவணரசிற் பதிவு பெறல் வேண்டும். அப்பதிவிற்கு அவரவர் மாநிலத்தின் அனுமதி முற்படவேண்டும். பதிவு பெற்ற மருத்துவமனையின் பணியாளராய் நின்று செலுத்துவோர்க்கோ தனிப்பதிவு வேண்டுவதின்று. மாநிலந்தோறும் சட்டம் வேறுபடுதலின், ஒரே பயிற்சியுடைய செவிலியர் எல்லை கடந்தால் உரிமையும் மாறுகின்றது.

2001-இல் நடுவணரசு வேறொரு வாயில் திறந்தது. மெடிக்கேர் விதி வேண்டும் மருத்துவர் மேற்பார்வையினின்று, மாநில ஆளுநர் மருத்துவ, செவிலிய வாரியங்களைக் கலந்து கடிதமெழுதி விலகலாம். அவ்வாண்டே அயோவா முதற்கண் விலகிற்று. ஆனால் மேற்பார்வை நீங்குதல் வேறு. மருந்து விதிக்கும் அதிகாரம் பெறுதல் வேறு. பின்னதனை மாநிலச் சட்டமே அளித்தல் வேண்டும்.

மருந்து விதிப்போர் நோய் முழுவதையும் அறிந்திருத்தல் வேண்டுமென்னும் மருத்துவர் கூற்றுப் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், அறுவையறையில் கணந்தோறும் மருந்தின் அளவைத் தேர்ந்து உயிரைக் காப்பவர் வெறுங் கருவி போல்வார் அல்லர். கற்ற கல்வியும் ஏற்ற பொறுப்பும் எவ்வளவோ, அவ்வளவிற்குச் சட்டம் அதிகாரத்தைத் தெளிவுறச் சொல்லுக. சொல் மயங்குமிடத்து இடர்ப்படுவோன், தன் வலியைத் தானே உரைக்கவியலாது கிடக்கும் நோயாளியே.