இரணியனுக்கு எத்தனை மேடை?

கேள்வி: என் மகன் எப்போதும் ஜப்பான் ராட்சசக் கதைகளிலேயே கிடக்கிறான். கை வெட்டுப்பட்ட ஒரு ராட்சசன், வெட்டியவனை வளர்த்த கிழவியின் வேடத்தில் வந்து கையை மீட்டுக்கொண்டு போனானாம். இப்படி மேடையேறிய அசுரன் நம்மிடம் உண்டா?
- ஒரு வாசகர், நாயுடுபேட்டை

பதில்: உங்கள் மகன் சொல்வது இபராகி கதை. 1883இல் ஜப்பானின் கபுகி நாடக மேடைக்கு வந்தது. நம்மிடம் அதற்கு ஈடு பிரகலாதனின் தந்தை இரணியன்தான். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் உங்கள் ஊருக்கு இவன் இரு வழியிலும் சொந்தம்.

ஆள் பழையவன். பரிபாடலிலேயே வருகிறான். வான்மீகியில் இல்லாத இரணியன் வதையைக் கம்பர் தம் யுத்த காண்டத்தில் ஒரு படலமாகவே வைத்தார். 1932இல் வந்த முதல் தெலுங்குப் பேசும்படம் 'பக்த பிரகலாதா'. சுரபி நாடகக் குழுவின் மேடையிலிருந்து படத்துக்குப் போனது.

ஆனால் இரணியனைப் பார்க்க வேண்டிய இடம் தஞ்சை மாவட்டத்து மெலட்டூர். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கும். தமிழ் கிராமம், நாடகமோ தெலுங்கு! எழுதியவர் அவ்வூர் வேங்கடராம சாஸ்திரி. இரணியனின் மனைவி லீலாவதி வேடமும் ஆண்களுக்கே. நரசிம்மராக வருபவர் விரதம் இருப்பார். சிம்ம முகமூடிக்குப் பூஜை உண்டு. அதை மாட்டிக்கொண்டு தூணிலிருந்து வெளிப்பட்டதும் அவருக்கு ஆவேசம் வந்துவிடும். இரணியன் மேல் பாய்ந்துவிடாமல் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வேடம் எங்கே முடிகிறது, சாமி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்கும் பிடிபடாது.

இந்தக் கதையையே தலைகீழாகப் புரட்டினார் பாரதிதாசன். 1934இல் அரங்கேறிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தில் அவன் வஞ்சகத்தால் வீழ்ந்த தமிழ் வேந்தன். 1948இல் சென்னை அரசு நாடகத்தைத் தடைசெய்தது. ஜப்பான் ராட்சசனுக்குக் கை போய் மீண்டதோடு சரி. நம்மவனுக்குக் கட்சியே மாறிவிட்டது!

மகனுக்குத் திரைதான் வேண்டுமென்றால் 2025இல் வந்த 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷனைக் காட்டுங்கள். மெலட்டூருக்கே கூட்டிப் போவதானால் பகலிலேயே அவனை நன்றாகத் தூங்க வைத்துவிடுங்கள். தூண் பிளக்க ரொம்ப நேரம் ஆகும்.