வீழும் விண்மீன்களும் ஈர்ப்புக் கொள்கையும்

காற்றின் தடை இல்லையாயின், ஒரே உயரத்தினின்று விடப்படும் கல்லும் இறகும் ஒரே நேரத்தில் தரையை அடையும். 1971இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட், சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விடுத்து இதனைக் காட்டினார். எப்பொருளாயினும் ஈர்ப்பில் ஒரே விரைவில் வீழும் என்னும் இவ்வுண்மையின்மீதே ஐன்ஸ்டைன் 1915இல் தம் பொதுச் சார்பியற் கொள்கையை நிறுவினார்.

எனினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகிறது. தன் ஈர்ப்பினாலேயே இறுகிக் கிடக்கும் பொருளும் அவ்வாறே வீழுமோ? ஐன்ஸ்டைன் கொள்கை, வீழும் என்கிறது. கார்ல் பிரான்ஸ், இராபர்ட் டிக்கி ஆகியோர் 1961இல் வகுத்த மாற்றுக் கொள்கையோ, சிறிது வேறுபடும் என்கிறது. இவ்விரண்டனுள் எது மெய்?

இதனைத் தேர்ந்தறியப் புவி போதாது. புவியின் தன்னீர்ப்பு ஆற்றல் அதன் நிறையில் நூறு கோடியில் ஒரு பங்கும் இல்லை. நியூட்ரான் விண்மீனிலோ அஃது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். எனவே வேறுபாடு உண்டெனில் அங்கேயே வெளிப்படல் வேண்டும்.

இடப விண்மீன் குழுவில், ஏறத்தாழ 4,200 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மூவிண்மீன் தொகுதி ஒன்று 2014இல் அறிவிக்கப்பட்டது. அதிலுள்ள நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 366 முறை சுழன்று, வானொலித் துடிப்புகளை ஒழுங்காக அனுப்புகிறது. அதுவும் வெள்ளைக் குள்ளன் ஒன்றும் 1.6 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இவ்விணை, தொலைவிலுள்ள மற்றொரு வெள்ளைக் குள்ளனோடு 327 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது.

வெளிக் குள்ளனின் ஈர்ப்பில் இணையின் இரு விண்மீன்களும் ஒத்து வீழ்கின்றனவா என்பதே வினா. ஒவ்வாது வீழின் உட்பாதை ஒருபுறம் ஒதுங்கும்; துடிப்புகள் நம்மை எட்டும் காலமும் மாறும். ஆறாண்டு அளவீடுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, வேறுபாடு இருப்பினும் அது பத்து இலட்சத்தில் 3 பங்கினும் குறைவே எனக் கண்டது. பிரெஞ்சு நாட்டு நான்சே தொலைநோக்கியைக் கொண்டு 2020இல் வந்த ஆய்வும் இதனையே உறுதி செய்தது. மாற்றுக் கொள்கை முற்றும் வீழ்ந்ததெனக் கூறற்கில்லை. எனினும் அது நிற்பதற்குரிய இடம் மிகக் குறுகிவிட்டது.

நம் இலக்கண உரையாசிரியர் தடை எழுப்பி, விடை கூறிப் பொருளை நிறுவுவர். தடையின் வலிமையே விடைக்கு வலிமை தருவது. பிரான்ஸும் டிக்கியும் எழுப்பிய தடையை எதிர்கொண்டமையால், ஐன்ஸ்டைன் கொள்கை இன்று முன்னினும் உறுதியாக நிற்கிறது. முன்னோர் கூற்றாயினும் ஐயுற்று ஆராய்தல் அதனை இகழ்தல் ஆகாது என்பதை மாணவர் உளங்கொள்வாராக.